எண்ணூர் ஆற்றில் ஒரு பகல்

வார விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் மாமல்லபுரம், பழவேற்காடு, ஏலகிரி என்று வரிசையாகச் சொல்வார்கள். எண்ணூர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நாம் சொன்னாலும், "அங்க என்ன இருக்கு, புகை பிடிக்கவா போறீங்க?" என்று சிரிப்பார்கள்.

ஆனால், இருநூறு வருடங்களுக்கு முன்னால் கதையே வேறு. மெட்ராஸ் வெயில் தாங்காத வெள்ளைக்கார துரைமார்கள் காற்று வாங்கப் போன இடம் எண்ணூர்தான். ஆற்றங்கரையில் பங்களா கட்டிக்கொண்டு, கழிமுகத்தில் படகு விட்டுப் பொழுதைப் போக்கியிருக்கிறார்கள். 1806-ல் கால்வாய் வெட்டியபோதும் முதலில் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரைக்கும்தான் வெட்டினார்கள். அதுவே நீண்டுகொண்டே போய்ப் பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. இந்தக் கால்வாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு இடத்தில் வரும்.

போவது ரொம்பச் சுலபம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வந்துவிடும். விம்கோ நகர் வரை மெட்ரோவிலும் வரலாம். கடலோரச் சாலை வழியாகக் காரில் வர நினைக்காதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பாதி நாள் அதிலேயே போய்விடும். இன்னொரு யோசனையும் சொல்கிறேன். எண்ணூரில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனான அத்திப்பட்டு புதுநகர் வரைக்கும் ஒருமுறை டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வண்டி பாலத்தில் ஏறும்போது கீழே கொசஸ்தலை ஆறு அகலமாக விரிந்து கிடக்கும். தூரத்தில் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். மேகமா புகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத வானம். தண்ணீருக்கு நடுவில் இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு எதையோ தடவித் தேடும் மனிதத் தலைகள். மூன்று நிமிடத்தில் எண்ணூரின் மொத்தக் கதையும் ஜன்னலில் ஓடிவிடும்.

நான் அடுத்த வண்டியில் திரும்பி வந்து எண்ணூரில் இறங்கினேன்.

காட்டுக்குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு காத்திருந்தது. படகுக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். "பேரு கீரு எதுவும் போட வேணாம்மா. கோர்ட்ல கேஸு, ஆபீஸ்ல மனு, எல்லா இடத்துலயும் ஏற்கெனவே எங்க பேருதான் இருக்குது" என்றார். அதனால் படகுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய மகன், பத்தொன்பது வயதுப் பையன், கையில் போனோடு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

பூண்டி ஏரி நமக்குத் தெரியும். சென்னைக்குக் குடிதண்ணீர் தருவது. அந்தப் பூண்டியில் நிறுத்தியது போக மிச்சமிருக்கும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. மழைக் காலத்தில் மேலிருந்து நல்ல தண்ணீர், மற்ற நாளில் கீழேயிருந்து உப்புத் தண்ணீர். இரண்டும் கலக்கிற இடம்தான் இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்த வீடு. கரையில் அலையாத்தி மரங்கள். நாங்கள் போன நேரம் ஏற்றம் தொடங்கியிருந்தது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் கொக்குக்குப் பின்னால் ஒரு துருப்பிடித்த குழாய் விழுந்துவிட்டது. வேறு கோணத்தில் முயன்றேன். அங்கேயும் ஒரு குழாய். எண்ணூரில் குழாய் இல்லாமல் ஒரு படம் எடுத்துக் காட்டுகிறவர்களுக்கு நான் பரிசு தரத் தயார்.

குழாய்களில் போவது சாம்பல். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சுகிற பொடிச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து, குழம்பு மாதிரி ஆக்கி, ஆற்றைக் கடந்து சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். செப்பாக்கம் என்ற ஊரே அந்தச் சாம்பல் குளத்தின் ஓரத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. காற்றடிக்கும் நாளில் சோற்றுத் தட்டில் சாம்பல் விழும் என்கிறார்கள் அந்த ஊர்ப் பெண்கள். குழாய்களுக்கு வயதாகிவிட்டது. எங்காவது ஓட்டை விழும். ஒழுகும் சாம்பல் ஆற்றில் படியும். படகுக்காரர் ஒரு இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பைச் செங்குத்தாக இறக்கினார். முழங்கால் ஆழம்கூட இல்லை. துடுப்பின் நுனியில் சிமென்ட் நிறத்தில் ஒரு பசை ஒட்டிக்கொண்டு வந்தது.

"எங்க அப்பா காலத்துல இங்க மூங்கில் கழி முழுகும்மா. ரெண்டு ஆள் ஆழம். அடியில சேறு இருக்கும். காலை வச்சா மெத்தைல வச்ச மாதிரி. இப்போ தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று, பாத்திரம் தேய்க்கிற பவுடர் மாதிரி இருந்தது.

எண்ணூரைச் சுற்றி எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200. வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் திறந்த வடசென்னை மூன்றாம் கட்டம் 800. கூட்டினால் 4,100 மெகாவாட்டுக்கு மேல். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட்டோடு 2017 மார்ச் 31-ல் மூடப்பட்டுவிட்டது. இவற்றுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே கட்டியதுதான் 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம். இப்போது காமராஜர் துறைமுகம். சென்னையில் மே மாதம் நாம் ஏ.சி. போட்டுத் தூங்குகிறோமே, அந்தக் குளிர்ச்சியின் மறுமுனை இந்த ஆற்றில்தான் இருக்கிறது.

'காலநிலை நீதி' என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். பெரிய வார்த்தைதான். ஆனால், இந்தப் படகில் உட்கார்ந்தால் சின்னக் குழந்தைக்கும் புரியும். பூமி சூடாவதில் இந்தக் குப்பத்துக்காரர்களின் பங்கு என்று எதுவும் இல்லை. ஒரு மின்விசிறி, ஒரு டி.வி., அவ்வளவுதான். ஆனால் கரி எரிகிற புகையும் இவர்களுக்கு, எரிந்த சாம்பலும் இவர்களுக்கு, அந்தச் சூட்டால் கடல் கொதித்து வருகிற புயலும் முதலில் இவர்களுக்குத்தான்.

ஆற்றின் நடுவே தலைகளாகத் தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்தார்கள். இருளர் குடும்பங்கள். ஆண்களும் பெண்களுமாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிமண்ணைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய 'பறி'. அதைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். ஒரு அக்கா கையை நீட்டிக் காட்டினார். உள்ளங்கை முழுக்க பிளேடால் கீறிய மாதிரி கோடுகள்.

"காக்கா ஆழி" என்றார்.

கறுப்பாக, விரல் நீளத்தில் ஒரு சிப்பி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. கப்பல்கள் எடை சமப்படுத்த அடிவயிற்றில் நிரப்பிக் கொண்டு வரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். வந்த இடத்தில் கம்பளம் விரித்த மாதிரி ஆற்றின் அடி முழுக்கப் படர்ந்துவிட்டது. அதற்கு அடியில் மஞ்ச மட்டியும் வாழ முடியாது, இறாலும் புதைய முடியாது. தடவுகிற கையையும் அறுத்துவிடும். இதை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். செலவு யாருடையது என்று வரும்போதுதான் இழுபறி. எண்ணூரில் எந்த விஷயத்தை எடுத்தாலும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கிறது. பணம் யார் தருவது? யார் கையில் தருவது?

மதியம் படகுக்காரர் வீட்டில் சாப்பாடு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் மனைவி விடவில்லை. "எங்க ஊருக்கு வந்துட்டு மீன் சாப்பிடாம போனா எப்படி?" புளி தூக்கலாகக் கரைத்த மடவைக் குழம்பு, மாங்காய் போட்டு. கை நிறைய எடுத்துச் சாப்பிட்டேன். மீன் ஆற்றிலிருந்தா என்று கேட்டபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. "காசிமேட்டுல வாங்கியாந்தோம்மா."

மீன்காரர் வீட்டில் மீன் விலைக்கு வாங்குகிறார்கள். அதற்குக் காரணமான அந்த டிசம்பரைப் பற்றி அவர்தான் சொன்னார்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் கொட்டிய மழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கார்கள் மிதந்ததை டி.வி.யில் பார்த்தோம். அதே நேரத்தில் மணலிப் பக்கம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் வெளியே வந்தது. அந்த எண்ணெய் எந்த வழியாக வந்தது தெரியுமா? அதே பக்கிங்ஹாம் கால்வாய். துரைமார்கள் காற்று வாங்க வந்த எண்ணூருக்கு வெட்டிய பாதையிலேயே எண்ணெய் வந்து, கழிமுகத்தில் இறங்கி, கடல் வரை பரவியது. இருபது சதுர கிலோமீட்டர் என்று கடலோரக் காவல் படை கணக்குச் சொன்னது.

"வெள்ளம் வடிஞ்சதும் வாசல்ல பார்த்தா தார் ஊத்தின மாதிரி இருக்குது. படகு, வலை, சுவரு, கோழி எல்லாம் கறுப்பு. கூழைக்கடா ஒண்ணு கரையில வந்து உக்காந்துச்சு. பறக்க முடியாம ரெக்கையை அடிச்சிக்கிட்டே இருந்தது. ஆம்பளைங்க எல்லாம் மக்குல மோந்து டிரம்முல ஊத்துனாங்க. ராத்திரி வந்து படுத்தா தலைவலி, கண்ணெரிச்சல். அந்தத் துணிய எத்தன சோப்பு போட்டாலும் போவல, எரிச்சிட்டோம்."

2017 ஜனவரியிலும் இதே எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது ஞாபகம் இருக்கும். அப்போது பக்கெட்டில் அள்ளினார்கள், உலகமே பார்த்துச் சிரித்தது. ஏழு வருடம் முடிவதற்குள் மறுபடி. இந்தத் தடவை மக்கு.

எண்ணெய் போனாலும் பேர் போகவில்லை. அவர் கூடை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்றவர். "எந்த ஊரு மீனு'ன்னு கேப்பாங்க. எண்ணூருன்னா கைய எடுத்துடுவாங்க. காசிமேட்டு மீனுன்னு பொய் சொல்ல மனசு வரல. மூணு மாசம் கூடைய கவுத்து வச்சிட்டேன்."

அதே டிசம்பர் 26 நள்ளிரவில் இன்னொரு அதிர்ச்சி. பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்து மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடியிருக்கிறார்கள். ஒரே மாதத்தில் வெள்ளம், எண்ணெய், வாயு. இதற்குப் பிறகுதான், அதுவரை தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டிருந்த குப்பங்கள் முப்பதுக்கும் மேல் ஒன்றாகச் சேர்ந்து பந்தல் போட்டு உட்கார்ந்தன. பந்தலில் முன்வரிசை முழுக்கப் பெண்கள்.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் 8 கோடியே 68 லட்ச ரூபாய். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. படகுகளைச் சரிபார்க்க 787 படகுகளுக்குத் தலா 10,000. ஊரில் உள்ள மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. பேப்பரில் படிக்கும்போது பரவாயில்லையே என்று தோன்றும். படகுக்காரர் மூன்று மாதம் ஆற்றில் இறங்கவில்லை என்கிறார். 12,500-ஐத் தொண்ணூறு நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 139 ரூபாய்.

"வல போச்சே, அதுக்கு?" என்றேன்.

"வலைக்குத் தனியா ஏதும்மா? எண்ணெய் புடிச்ச வலைய மீன் கிட்டக்கூட வராது. புதுசு வாங்கினேன். வட்டிக்குத்தான்."

ஆற்றில் பார்த்த அக்காவிடமும் இதே கேள்வியைக் கேட்டிருந்தேன். அவர், பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எங்களுக்குப் படகும் இல்ல, வலையும் இல்ல. கைதான். கைக்கு லிஸ்ட்டுல எடமில்லன்னாங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடி பறியைக் கடித்துக்கொண்டார்.

இங்கே ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 30. துபாயில் ஐ.நா.வின் காலநிலை மாநாடு தொடங்கிய முதல் நாள். பருவநிலை மாற்றத்தால் ஏற்கெனவே இழப்பைச் சந்தித்துவிட்ட ஏழை நாடுகளுக்குக் கொடுக்க 'இழப்பு மற்றும் சேத நிதி' என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அன்றைக்கு அறிவித்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்த மாநாடு முடிவதற்குள் பணக்கார நாடுகள் தருவதாகச் சொன்ன தொகை சுமார் 70 கோடி டாலர். நம் பணத்தில் 5,800 கோடி ரூபாய் அளவுக்கு வரும். கைதட்டல் அடங்கி நான்காவது நாள் எண்ணூரில் தார் மாதிரி எண்ணெய் வாசலில் நின்றது.

அந்த நிதி கெட்டது என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடம் சின்னச் சின்னத் தீவு நாடுகள் கேட்டுக் கேட்டு வாங்கியது அது. ஆனால் அது அரசுகள் வழியாக நடக்கவேண்டிய பணம். அரசிடமிருந்து துறைக்கு, துறையிலிருந்து திட்டத்துக்கு, திட்டத்திலிருந்து கன்சல்டன்ட்டுக்கு என்று படி இறங்கி வரும்போது கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு என்ன வரும்? லண்டனில் உள்ள ஐ.ஐ.இ.டி. என்ற ஆய்வு நிறுவனம் 2017-ல் இதைக் கணக்குப் பார்த்தது. 2003-லிருந்து 2016 வரை உலகத்தின் காலநிலை நிதியங்கள் ஒதுக்கிய பணத்தில் உள்ளூர் மட்டத்து வேலைகளுக்கென்று போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. முன்பெல்லாம் வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பெரிய தொண்டு நிறுவனங்கள், அதில் ஒரு பகுதியைக் கிராமத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்ற முடியாது. வாங்கியவரே செலவு செய்ய வேண்டும். பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்க வசதி என்பது அரசின் வாதம். கண்காணிப்பு வேண்டியதுதான். ஆனால் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த அலுவலகங்களுக்கு மட்டும் பணம் போய்ச் சேர்வதை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் எண்ணூர்க்காரர்கள் இத்தனை வருடம் போராடியது எந்தப் பணத்தில்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் படகுக்காரர் என்னை ஊர்க் கோயிலுக்கு அழைத்துப் போனார். கோயில் திண்ணையில் ஊர் நிர்வாகிகள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். கோடு போட்ட கணக்கு நோட்டு. தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு வரி. கடலோரக் குப்பங்களில் இது தாத்தா காலத்துப் பழக்கம். திருவிழாவுக்கும் சாவுச் செலவுக்கும் எடுப்பார்கள். அதே நோட்டில், 'அம்மன் கோயில் கூழ் ஊற்றியது' என்பதற்குக் கீழே 'வக்கீலைப் பார்க்கப் போன ஆட்டோ' என்றும், 'ஜெராக்ஸ்' என்றும், 'ஸ்டாம்பு' என்றும் எழுதியிருந்தது. உலகத்தின் காலநிலை நிதி அறிக்கைகள் எதிலும் இந்த நோட்டு இருக்காது.

சின்னப் பணம்தான். ஆனால் அது செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட 10 ரூபாய். அப்படிப்பட்ட 10 ரூபாய் மனுக்களில்தான் ஒரு வரைபட விவகாரம் வெளியே வந்தது. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் தெளிவாக இருக்கிறது. ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாகப் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பு. பிற்பாடு 1997 என்று தேதியிட்டு அரசு அலுவலகம் கொடுத்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். வடிவேலு கிணற்றைக் காணோம் என்று ஸ்டேஷனில் புகார் கொடுப்பாரே, அந்தக் காமெடியை இவர்கள் நிஜமாகவே நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆற்றைக் காணோம் என்று மனு எழுதினார்கள். இல்லாத ஆற்றில் கட்டடம் கட்ட யார் அனுமதியும் தேவையில்லை அல்லவா? அதே 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா இந்த ஆற்றங்கரையில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடி வெளியிட்டதும் எண்ணூர் என்ற பெயர் சபா வட்டாரம் வரை போனது. வரிகள் கபேர் வாசுகி எழுதியவை.

பசுமைத் தீர்ப்பாயத்தின் கட்டணக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். ஆற்றைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் கட்டணம் 1,000 ரூபாய். நஷ்டஈடு கேட்டால், கேட்கும் தொகையில் ஒரு சதவிகிதம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஒரு கோடி ரூபாய் நஷ்டம் ஆகியிருக்கிறது என்று ஒரு குப்பம் கேட்கப்போனால் முதலில் ஒரு லட்சம் கட்ட வேண்டும். "அதனால நாங்க ஆறத்தான் கேட்டோம், காச கேக்கல" என்றார் பெரியவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கேட்டதில் கொஞ்சம் கிடைத்தும் இருக்கிறது. சாம்பலை அகற்ற வேண்டும், கழிமுகத்தை மீட்க வேண்டும் என்று தீர்ப்பாயம் 2022-ல் சொன்னது. தாள் அளவில் பெரிய வெற்றி. ஆற்றில் ஆழம் கூடியிருக்கிறதா என்பதற்கு அந்தத் துடுப்புதான் பதில்.

பெரியவரிடம், "பெரிய நிறுவனம் எதாவது கோடி ரூபாய் தருகிறேன் என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "வந்திருக்காங்கம்மா. தையல் மெஷின் குடுத்தாங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு நல்லதுதான். வேணான்னு சொல்லல. ஆனா நாங்க கேட்டது தையல் மெஷின் இல்லியே. எங்க ஊருக்குன்னு ஒரு பணம் வந்தா, அத என்ன செய்யணும்னு எங்கள ஒரு தபா கேக்கணும். அவ்ளோதான்."

"சரி, கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆழம் அளக்க ஒரு கருவி. தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு லேப், அதுவும் கம்பெனிக்காரர்கள் கைகாட்டும் லேப்பாக இல்லாமல். கேஸ் கசிந்தால் அலற ஒரு சைரன். மழைக்காலத்துக்கு முன்னால் முகத்துவாரத்து மணலை அள்ள ஒரு வழி. தொழிலுக்குப் போக முடியாத நாட்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு தொகை, மனு இல்லாமல், தானாக. ஒருவர், "இருளர் ஜனத்தையும் லிஸ்ட்டுல சேக்கணும்" என்றார். இன்னொருவர் அதை ஆமோதிக்கவில்லை, அவர்களுக்குத் தனி லிஸ்ட் வேண்டும் என்றார். அங்கேயே ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. ஒற்றுமை என்று நாம் வெளியிலிருந்து எழுதுவது உள்ளே இப்படித்தான் இருக்கிறது.

இந்த ஆற்றிலும் வடக்கே பழவேற்காட்டிலும் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் இன்று யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. மீன் அதிகம் விழும் இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது. இன்று உனக்கு, நாளை எனக்கு. எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்லிக் கொடுக்காமல் இவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. ஒரு ஊருக்கு வரும் பணத்தைச் சண்டை இல்லாமல் பங்கிடத் தெரியுமா என்று இவர்களைப் பார்த்துக் கேட்பவர்கள், ஒருநாள் விடியற்காலையில் வந்து பாடு பிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் படகுக்காரர் மறுபடி ஆற்றுக்குக் கிளம்பினார், நண்டு வலையை எடுக்க. என்னையும் ஏற்றிக்கொண்டார். முகத்துவாரத்தில் கடல் காற்று அள்ளிக்கொண்டு போனது. துரைமார்கள் ஏன் வந்தார்கள் என்று அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்தது. வலையில் பச்சை நண்டு ஆறு, கொஞ்சம் ஊடான், ஒரே ஒரு கொடுவா. அதைத் தூக்கிக் காட்டும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பைக் காலையிலிருந்து நான் பார்க்கவில்லை. "போன வருஷம் இதுகூட இல்ல" என்றார்.

திரும்பும் வழியில், சாம்பல் குழாய் போகும் தூண்களுக்கு அருகே வந்தபோது பையன் சட்டென்று எழுந்து நின்றான். ஒரு இணைப்பிலிருந்து மெல்லிய சாம்பல் நிறத் தண்ணீர் வீச்சாக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா எஞ்சினை நிறுத்தினார். பையன் போனில் நான்கு படம் எடுத்தான், ஒரு வீடியோ எடுத்தான். பிறகு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த ஒரு சின்ன நோட்டை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

"மணி என்னக்கா?"

"ஐந்து பத்து."

எழுதிக்கொண்டான். தேதி, நேரம், எத்தனையாவது தூண், ஏற்றமா வற்றமா. பக்கத்தைப் புரட்டும்போது பார்த்தேன். அதே மாதிரி வரிகள் முன்பக்கங்கள் முழுக்க இருந்தன. முதல் சில பக்கங்களில் கையெழுத்து வேறு மாதிரி இருந்தது.

"அது அப்பா எழுதினது" என்றான்.